பிடித்த வீட்டுக்குக் கொஞ்சம் கூடுதல் புகை

வெள்ளாற்றுக்கு இந்தக் கரையில், பெரம்பலூர் மாவட்டம் முடியப்போகிற இடத்தில் அந்த ஊர் இருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே சினிமா கொட்டகை இருந்தது. இப்போது அது கல்யாண மண்டபம். அதனால் மழைக்காலம் வந்துவிட்டால், பிள்ளைகளுக்கு சாமிதுரைதான் சினிமா.

ஆளுக்கு முன்னால் சத்தம் வரும். சைலன்சர் கழன்ற புல்லட்டுக்குச் சளி பிடித்தால் எப்படி இருமுமோ அப்படி ஒரு சத்தம். அது கேட்டதும் டியூஷனில் பாதிக் கணக்கு நிற்கும். சோற்றுத் தட்டு அப்படியே கிடக்கும். கக்கூஸுக்குப் போனவன்கூட கால்சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவருவான். "புகை மாமா டோய்!" என்று ஒருவன் கத்தினால் போதும், தெருவே திரண்டுவிடும்.

தோளில் வாரைப் போட்டு, இடுப்புக்குப் பக்கத்தில் கொசுப்புகை மிஷினைத் தொங்கவிட்டுக்கொண்டு சாமிதுரை நடப்பார். பின்னால் வெள்ளை வெளேரென்று புகை சுருண்டு சுருண்டு வரும். அதற்குள் பிள்ளைகள் ஓடும். அந்தப் புகைக்குள் யார் தலையில் யார் கொட்டினார்கள் என்று போலீஸ் நாய் வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. வாரம் முழுக்கச் சேர்த்து வைத்த பகையெல்லாம் அங்கேதான் தீரும்.

சாமிதுரையும் சும்மா நடக்கிற ஆள் இல்லை. காற்று பார்த்து ஒரு சுற்றுச் சுற்றுவார். புகை அவரை மூடிவிடும். மிஷினை அணைத்துவிட்டு டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் ஒளிந்துகொள்வார். பிள்ளைகள் தேடி முடித்து முழிக்கும்போது, வேறு பக்கமாக வலது கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவார்.

"பக்தா! என்ன வரம் வேண்டும்?"

"பள்ளிக்கூடத்துக்கு லீவு வேணும் சாமி!"

"அது மழை டிபார்ட்மென்ட். வேற கேளு."

"கணக்கு வாத்தியாருக்கு வயித்தால போவணும் சாமி!"

"அவரு எனக்கே வாத்தியாருடா. எப்பவோ கேட்டுப் பாத்துட்டேன், நடக்கல."

சில நாள் நடு வழியில் நின்று, "டேய், புகைக்குள்ள பாம்பு! ஓடுங்கடா!" என்று அலறுவார். முதல் தடவை பிள்ளைகள் நிஜமாகவே அலறியடித்து ஓடின. சாக்கடையில் விழுந்தவர்களும் உண்டு. அதற்கப்புறம் பாம்பு என்றால் எல்லோரும் இன்னும் உள்ளே ஓடிவந்து, "எங்க மாமா பாம்பு? எம் மேல வுடு மாமா!" என்று குதிப்பார்கள். அவர் சொல்வதில் எது நிஜம், எது பொய் என்று யாரும் பார்ப்பதில்லை. எல்லாமே விளையாட்டு என்பது முடிவான விஷயம்.

வேலைக்குச் சேர்ந்தபோது கான்ட்ராக்டர் அவருக்கு ஒரு முகமூடி கொடுத்திருந்தார். கறுப்பு ரப்பரில், இரண்டு பக்கமும் டப்பா வைத்தது. ஒரே ஒரு நாள் போட்டார். அன்றைக்குப் பிள்ளைகள் அடையாளம் தெரியாமல் ஒதுங்கி ஓடிவிட்டன. தெரு காலியாகக் கிடந்தது. யாருக்காக நடக்கிறோம் என்றே அவருக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அதை ஆணியில் மாட்டினவர்தான். அதன்பிறகு ஒரு துண்டு. அதுவும் பாதி நேரம் கழுத்தில்தான் கிடக்கும், பேசவேண்டும் அல்லவா.

அந்த ஊரில் புகையை அடிக்கச் சொல்ல மாட்டார்கள், காட்டச் சொல்வார்கள். தலைக்கு ஊற்றின பிள்ளைக்கு சாம்பிராணி காட்டுகிற ஊர் அது. வியாழக்கிழமை அந்தியில் முஸ்லிம் வீடுகளில் மணக்கும், வெள்ளிக்கிழமை இந்து வீடுகளில் மணக்கும். வீட்டுக்குள் புகை வந்தால் நல்லது என்று பழகிப்போன மூக்குகள். அது சட்டியிலிருந்து வந்தால் என்ன, மிஷினிலிருந்து வந்தால் என்ன? "சாமிதுரை, எங்க வூட்டுக்குள்ளயும் கொஞ்சம் காட்டிட்டுப் போப்பா" என்று வாசலுக்கு வாசல் கூப்பிடுவார்கள்.

ஆள் இருக்கிற வீட்டுக்குள் மிஷினைக் கொண்டுபோகக் கூடாது என்று சொல்லித்தான் வேலைக்கு அனுப்பியிருந்தார்கள். பெரம்பலூரில் ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். மருந்தை அளவாகக் கலக்க வேண்டும், வாசலோடு நிற்க வேண்டும், சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் விடக் கூடாது என்றெல்லாம் ஒருவர் படம் காட்டிப் பேசினார். சாமிதுரைக்கு அதில் நடுவில் கொடுத்த பன்னும் டீயும்தான் ஞாபகம் இருந்தது.

அதனால் அவரே ஒரு சட்டம் வைத்துக்கொண்டார். பிடிக்காத வீட்டுக்குப் போகிற போக்கில் ஒரு இழுப்பு. பிடித்த வீட்டுக்கு உள்ளே போய், ஒவ்வொரு அறையாக. ரொம்பப் பிடித்த வீட்டுக்கு ஜன்னலைச் சாத்தி, கட்டிலுக்கு அடியிலும் பீரோவுக்குப் பின்னாலும் நின்று நிதானமாக.

ஊரிலேயே அவருக்கு ரொம்பப் பிடித்த வீடு ஜைனம்பு வீடு.

ஜைனம்புவின் வீட்டுக்காரர் ஹபிபுல்லாவுக்கு அரபு நாட்டில், தம்மாமில் ஒரு கடையில் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வந்து, பெட்டியைப் பிரித்து முடிப்பதற்குள் திரும்பிப் போகிற ஆள். வீட்டில் ஜைனம்புவும் மகள் ருமைசாவும்தான். நோன்பு மாதத்தில் சாமிதுரைக்கென்று தூக்குவாளியில் கஞ்சி எடுத்து வைப்பாள் ஜைனம்பு. "அண்ணே" என்றுதான் கூப்பிடுவாள். ஒன்றாம் வகுப்பு ருமைசாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தது. ஆனாலும் வாய் மூடாது.

"மாமா, ஒங்க மிஷினு பல்லு வெளக்காதா?"

"ஏன் கண்ணு?"

"இப்படி நாறுது!"

"அது வெத்தல போடுற மிஷினு. ஒனக்குத்தான் பல்லே இல்லியே, நீ ஏன் பேசுற?"

"எனக்கு மொளைக்கும். ஒங்க மிஷினுக்கு மொளைக்காது."

இப்படி வாய் கொடுத்துத் தோற்றுவிட்டுத்தான் அவர் அடுத்த வீட்டுக்குப் போவார். அந்தப் பொக்கை வாயை இன்னொரு தடவை பார்க்க, வேண்டுமென்றே மிஷினை அணைத்துவிட்டு, ஸ்டார்ட் ஆகவில்லை என்று நடிப்பார்.

காரணம் இருந்தது. அவர் மகள் சிந்தாமணிக்கும் அதே இரண்டு பல்தான் விழுந்திருந்தது.

தன் அம்மா பேரை மகளுக்கு வைத்திருந்தார் சாமிதுரை. பள்ளிக்கூடத்தில் அந்தப் பழைய பேரைச் சொல்லி மற்ற பிள்ளைகள் கேலி செய்ததால், "எனக்குப் பேரை மாத்துங்கப்பா" என்று போனில் அழுவாள். அப்போது அவர் சென்னையில் கம்பி கட்டுகிற வேலையில் இருந்தார். தீபாவளிக்கு வந்து மாற்றிவிடலாம் என்று சொல்லியிருந்தார். தீபாவளிக்கு முன்னால் காய்ச்சல் வந்தது. பெரம்பலூர் என்றார்கள், திருச்சி என்றார்கள், டெங்கு என்றார்கள். அவர் பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது, மனைவி சசிகலா ஆஸ்பத்திரி வாசலில் பிள்ளையின் ஒற்றைச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அந்தப் பேரோடுதான் சிந்தாமணி போனாள்.

புதைத்துவிட்டு வந்து வாசலில் உட்கார்ந்திருந்தபோது தெருவுக்குள் அந்தச் சத்தம் வந்தது. யாரோ ஒரு ஆள் புகை அடித்துக்கொண்டு போனான். இழவு வீட்டுக்கு வந்திருந்த பிள்ளைகள் அவன் பின்னால் ஓடின. சாமிதுரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். போன வாரம் வந்திருக்கக் கூடாதா என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை. சென்னைக்குத் திரும்பிப் போகவும் இல்லை. அடுத்த மழைக்கு மிஷின் அவர் தோளில் இருந்தது. தன் ஊரில் இனி எந்த வீட்டுக்கும் புகை பிந்தக் கூடாது என்பதுதான் அவர் கணக்கு. பிந்தாமல் இருந்தால் போதாது, கூடுதலாகவும் இருக்கட்டும் என்று நினைத்ததுதான் வினை.

போன ஐப்பசியில் மழை நின்ற பாடில்லை. பக்கத்துத் தெருவில் இரண்டு பேருக்கு டெங்கு என்று செய்தி வந்தது. அன்று சாயங்காலம் ஜைனம்பு வாசலிலேயே காத்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, புள்ளைக்கு நேத்துலேருந்து மேலு கொதிக்குது. இருமிக்கிட்டே இருக்கா. எனக்குப் பயமா இருக்கு. இன்னிக்கி நல்லா காட்டிட்டுப் போங்கண்ணே."

"பயப்படாத தங்கச்சி. ஒரு கொசு மிஞ்சாது."

அவர் முகம் மாறியிருந்ததை ஜைனம்பு கவனிக்கவில்லை. தெருமுனைக்குத் திரும்பிப் போனார். மிஷின் டப்பாவைத் திறந்து, மருந்தை வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாராளமாக ஊற்றினார். அப்புறம் இன்னும் கொஞ்சம் ஊற்றினார். குச்சியால் கலக்கிக்கொண்டு வந்து, தாயையும் மகளையும் கொல்லைப் பக்கம் போகச் சொல்லிவிட்டு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தினார். ஒவ்வொரு அறையிலும் நின்றார். ருமைசா படுக்கிற கட்டிலுக்கு அடியில் குழாயை விட்டு ரொம்ப நேரம் நின்றார். டைல்ஸ் தரை தெரியவில்லை. சுவரில் மாட்டியிருந்த ஹபிபுல்லா படம் தெரியவில்லை. இருமிக்கொண்டே வெளியே வந்து சொன்னார்:

"ஜன்னலத் தெறந்துராத தங்கச்சி. மருந்து வீணாப் போயிரும்."

அவர் தெருவைத் தாண்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கொல்லையில் நனைய முடியாமல் ஜைனம்பு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். வாசம் அதிகமாகத்தான் இருந்தது. அண்ணன் பார்த்துப் பார்த்துச் செய்தது என்று நினைத்துக்கொண்டு, கட்டிலில் போட்டுப் போர்த்திவிட்டாள். ஜன்னலைத் திறக்கவில்லை.

மறுநாள் டீக்கடையில் சாமிதுரை கிளாஸை வாங்கி வாயில் வைக்கும்போது, யாரோ சொன்னார்கள்: "ஹபிபுல்லா மவளுக்கு மூச்சு முட்டிப்போச்சாம். விடியுறதுக்குள்ள கார் புடிச்சி பெரம்பலூருக்குத் தூக்கிட்டு ஓடுனாங்க." கிளாஸை அப்படியே பெஞ்சில் வைத்தார். அவர் நினைப்பில் அப்போது இருந்தது டெங்குதான். நாம் அவ்வளவு காட்டியும் வந்துவிட்டதே என்று பதறிக்கொண்டுதான் பஸ் ஏறினார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் ருமைசா சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மூக்கையும் வாயையும் சேர்த்து ஒரு பிளாஸ்டிக் மூடி. அதிலிருந்து வெள்ளையாகப் புகை மாதிரி வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக் குழி உள்ளே போய் வந்தது. அவரைப் பார்த்ததும் பேச முடியாமல், வலது கையை மட்டும் தூக்கி, உள்ளங்கையைக் காட்டினாள். பக்தா, என்ன வரம் வேண்டும்.

சாமிதுரை வாங்கிப் போயிருந்த பிஸ்கெட் பொட்டலத்தைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டரம்மா வந்தார். பிள்ளையின் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, ஜைனம்புவிடம் திரும்பினார்.

"டெங்கு இல்ல. சாதாரண சளிதான். ஆனா சளிக்கு இவ்ளோ இழுக்கக் கூடாது. வீட்ல என்ன புகை? கொசுவத்திச் சுருளு ஏத்துறீங்களா? சாம்பிராணியா?"

ஜைனம்பு ஒரு தடவை சாமிதுரையைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"சுருளெல்லாம் இல்லீங்க டாக்டர். தெருவுல கொசு மருந்து அடிச்சாங்க. அது கொஞ்சம் உள்ள வந்துருச்சு போல."

அவள் அவரைக் காப்பாற்றிவிட்டாள். அதோடு வெளியே போயிருக்கலாம். டீக்கடையில் போய் உட்கார்ந்திருக்கலாம். எதையும் விளையாட்டாகப் பேசி நழுவுவதில் சாமிதுரையை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் கட்டிலில் அந்தக் கழுத்துக் குழி உள்ளே போய் உள்ளே போய் வந்துகொண்டிருந்தது.

"இல்ல டாக்டரம்மா. அது தானா வரல. நான்தான் உள்ள அடிச்சேன். ஜன்னலையும் நான்தான் சாத்துனேன். மருந்தும்… கொஞ்சம் கூடப் போட்டேன்."

டாக்டரம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். திட்டுவார் என்று சாமிதுரை எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"புள்ள தூங்குற ரூம்லயா?"

"ஆமாங்க."

"இது கொசுவுக்கு வெச்ச விஷம்ங்க. அதோட டீசல் புகை வேற. பெரியவங்களுக்கே ஆகாது, இது நுரையீரலு இத்துனூண்டு. ஏற்கெனவே இளைப்பு இருக்குற உடம்பு போல. புகையாலதான் வந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா புகை அத புடிச்சி இழுத்து வுட்டுருக்கு. இனிமே இந்தப் புள்ள பக்கமே அது போகக் கூடாது. எந்தப் புள்ள பக்கமும் போகக் கூடாது." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க எவ்ளோ நாளா இப்படி இருமுறீங்க?" என்றார்.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க" என்றார் சாமிதுரை. அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை இருமினார்.

டாக்டரம்மா போன பிறகு ஜைனம்பு மெதுவாகச் சொன்னாள்: "நீங்க ஏண்ணே சொன்னீங்க? நான்தானே காட்டச் சொன்னேன்." அவள் குரலில் கோபம் இல்லை. சாமிதுரை துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர், "யாரு தவறிட்டாங்க?" என்று கேட்டார். இவர் எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

வீட்டில் சசிகலா சோற்றைப் போட்டு வைத்துக் காத்திருந்தாள். அவர் சாப்பிடாமல் தட்டைப் பார்த்துக்கொண்டே நடந்ததைச் சொன்னார். அப்புறம் கேட்டார்:

"அன்னிக்கி நம்ம தெருவுக்கு முன்னாடியே புகை வந்திருந்தா, நம்ம புள்ள இருந்திருக்கும்ல?"

சசிகலா தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். சிந்தாமணி போன பிறகு சிறுவாச்சூர் கோயிலுக்கே போகாதவள் அவள். எதையும் யாரிடமும் கேட்பதை நிறுத்திவிட்டவள்.

"வந்திருந்தா அவளும் பின்னாடி ஓடியிருப்பா" என்றாள். "நீங்க சோத்தத் தின்னுங்க."

அடுத்த முறை மருந்து அடிக்கப் போகும் முன் சூப்பர்வைசர் அன்பழகனைப் பார்த்தார் சாமிதுரை. பிள்ளைகள் வெளியே வரக் கூடாது, கதவு ஜன்னல் சாத்த வேண்டும் என்று மைக்கில் சொல்ல ஆட்டோ விட முடியுமா என்று கேட்டார்.

அன்பழகன் சிரித்துவிட்டார். "யோவ், இத்தன வருஷமா நாங்க ஒன்கிட்ட சொன்னதத்தான்யா இப்ப நீ எங்ககிட்ட சொல்ற. ஆட்டோவுக்கு நான் மேல கேட்டுப் பாக்குறேன். இன்னிக்கி நீயே கத்திக்கிட்டுப் போ. ஒன் தொண்டைக்கு மைக்கு எதுக்கு?"

ஆணியில் கிடந்த முகமூடியை எடுத்துத் தூசி தட்டி மாட்டிக்கொண்டார். மருந்தை அளவுக் குடுவையில் பார்த்து ஊற்றினார். தெருவுக்குள் நுழையும் முன்பே முகமூடியைத் தூக்கிவிட்டுக் கத்தினார்: "புள்ளைங்கள உள்ள கூப்புடுங்க! கதவச் சாத்துங்க! இது வெசம்! யாரும் பின்னாடி வராதீங்க!"

பிள்ளைகள் ஆரவாரம் செய்தன. இத்தனை வருஷத்தில் புகை மாமா போட்ட வேஷங்களிலேயே இதுதான் உச்சம்.

"மாமா யான வேஷம் போட்டிருக்குடோய்! தும்பிக்கையக் காணோம்டோய்!"

"டேய், வெளையாட்டு இல்லடா! நெசமாவே வெசம்டா!"

"போன வாரம் பாம்பு, இந்த வாரம் வெசமா மாமா? எம் மேல வுடு மாமா!"

அவர் கெஞ்சினார், ஓடிச் சிரித்தார்கள். கெட்ட வார்த்தையில் திட்டினார், அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். மிஷினை அணைத்தார். அணைத்த இடத்தில் எல்லோரும் வட்டமாக நின்று, அவர் எந்தப் பக்கம் மறைந்து எந்தப் பக்கம் வரப்போகிறார் என்று கண் இமைக்காமல் பார்த்தார்கள். வாசல்களில் நின்ற பெரியவர்களும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். புகை போடாமல் திரும்பிப் போகவும் முடியாது. பக்கத்துத் தெருவில் டெங்கு. போட்டுக்கொண்டு போகவும் முடியாது. பின்னால் இத்தனை நுரையீரல், எல்லாம் இத்துனூண்டு.

கூட்டத்துக்கு முன்னால் நின்றவன் பாலாஜி. சசிகலாவின் அண்ணன் வெள்ளைச்சாமியின் மகன். ஊருக்கெல்லாம் அவர் புகை மாமா என்றால், இவனுக்கு மட்டும் நிஜ மாமா. அந்த உரிமையில் எப்போதும் மிஷினுக்கு மிக அருகில் ஓடுவான். குழாயின் சூடு காலில் படுகிற அளவுக்கு.

மற்ற பிள்ளைகள் மேல் கை வைக்க சாமிதுரைக்கு உரிமை கிடையாது. இவன் ஒருவன்தான் சொந்தம்.

வேலியில் ஒரு குச்சியை ஒடித்தார். பாலாஜி அதையும் பார்த்துச் சிரித்தான். அவன் சிரித்துக்கொண்டிருக்கும்போதே கெண்டைக்காலில் ஓங்கி ஒன்று வைத்தார். அப்புறம் இன்னொன்று. பையன் கத்தவில்லை. வலியைவிட ஆச்சரியம்தான் முகத்தில் இருந்தது. வாய் கோணிக்கொண்டு போய், "மாமா…" என்றான். மூன்றாவது அடி விழுந்தபோதுதான் அழுகை வந்தது.

"இனிமே எவனாவது எம் பின்னாடி வந்தீங்க, காலை ஒடிச்சிருவேன்! போங்கடா!"

தெரு ஒரு நொடியில் காலியானது. முகமூடியை இறக்கிவிட்டுக்கொண்டு மிஷினை ஸ்டார்ட் செய்தார். இரண்டு மூன்று தடவை அழுத்தித்தான் பிடித்தது.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது வெள்ளைச்சாமி வாசலில் நின்றிருந்தார். பக்கத்தில் பாலாஜி, காலில் வரி வரியாகத் தடிப்பு.

"ஏன் மாப்ள, ஒனக்குப் புள்ள இல்லன்னா அடுத்தவன் புள்ளயப் போட்டு இப்படியா அடிப்ப?"

சசிகலா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தெருவே எட்டிப் பார்த்தது. சாமிதுரை விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். டாக்டரம்மா சொன்னது, ருமைசா, எல்லாவற்றையும். சொன்னால் வெள்ளைச்சாமி கேட்பார். கேட்டுவிட்டு, பாவம் மாமா நல்லதுக்குத்தானே அடித்தார் என்று மகனிடம் சொல்வார். நாளைக்குப் பாலாஜி மறுபடி சிரித்துக்கொண்டு வந்து நிற்பான்.

"வந்தா இன்னமும் அடிப்பேன்" என்றார் சாமிதுரை. "அவன வூட்டுக்குள்ள வெச்சிக்க."

வெள்ளைச்சாமி காறித் துப்பிவிட்டு மகனை இழுத்துக்கொண்டு போனார். போகும்போது பாலாஜி திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டு சாமிதுரை மிஷினைத் துடைக்க உட்கார்ந்தார். சசிகலா கிண்ணத்தில் தேங்காய் எண்ணெயை ஊற்றி, ஒரு சின்னப் பிள்ளையிடம் அண்ணன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். கிண்ணம் போன வேகத்திலேயே திரும்பி வந்தது.

அதற்கப்புறம் ஊர் ரொம்ப ஒழுங்காகிவிட்டது. சத்தம் கேட்டால் பிள்ளைகளைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்கிறார்கள். கதவு சாத்துகிற ஓசை அவருக்கு முன்னால் வீடு வீடாக ஓடுகிறது. குடத்தை மூடுகிறார்கள், ஜன்னலை மூடுகிறார்கள். அடம்பிடிக்கிற பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது, "புகைக்காரன் வந்துருவான்" என்று சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். உள்ளே காட்டச் சொல்லி ஒருவரும் கூப்பிடுவதில்லை. இரண்டொரு முறை கூப்பிட்டவர்களிடம் சாமிதுரை எரிந்து விழுந்ததில் அவர்களும் நிறுத்திக்கொண்டார்கள். ஆட்டோ இன்னும் வரவில்லை. இப்போது அதற்குத் தேவையும் இல்லை.

ருமைசா வீட்டுக்கு வந்துவிட்டாள். பள்ளிக்கூடப் பையில் நோட்டுப் புத்தகங்களோடு, வாயில் வைத்து உறிஞ்சுகிற மருந்துக் குழாய் ஒன்றும் போகிறது. மழை மேகம் கண்டால் ஜைனம்பு அவளை ஓட விடுவதில்லை. நோன்புக் கஞ்சி இந்த வருஷமும் வந்தது. ஆனால் ஜைனம்பு சசிகலாவிடம்தான் கொடுத்துவிட்டுப் போனாள். "அண்ணனுக்கு எம் மேல ஏதும் வருத்தமா?" என்று கேட்டாளாம். சசிகலா கஞ்சியை மாற்றிக்கொண்டு, தூக்குவாளியைக் கழுவிக் கொடுத்தாள்.

இப்போதெல்லாம் அவர் ஜைனம்பு வீட்டுக்கு இரண்டு வீடு முன்னாலேயே மிஷினை அணைத்துவிடுகிறார். தாண்டிப்போய் மறுபடி ஸ்டார்ட் செய்கிறார். அணைத்தாலும் பின்னால் அடித்த புகை காற்றோடு கொஞ்சம் வரத்தான் செய்யும். அதை முந்திக்கொண்டு, இருமலை அடக்கிக்கொண்டு, வேகமாக நடப்பார்.

போன வாரமும் அப்படித்தான் நடந்தார். கண்ணாடி ஜன்னல் சாத்தியிருந்தது. அதற்குப் பின்னால் ருமைசா முகத்தை அழுத்திக்கொண்டு நின்றாள். மூக்கு சப்பையாகி, மூச்சுப் பட்ட இடம் வெள்ளையாக இருந்தது. ஒரு பல் முளைத்திருந்தது, இன்னொன்று பாதி. அவரைப் பார்த்ததும் கண்ணாடியைத் தட்டினாள். பிறகு வலது கையைத் தூக்கி உள்ளங்கையைக் காட்டினாள்.

சாமிதுரை நின்றுவிட்டார். நின்றிருக்கக் கூடாது. ஒரு கையைத் தூக்கினால் போதும், அவள் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு வாசலுக்கு வந்துவிடுவாள். பின்னாலிருந்து புகை காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் மிஷினின் வாரை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அவள் மறுபடி தட்டினாள். உள்ளங்கையை இன்னும் நன்றாகக் காட்டினாள். வரம் கேட்கச் சொல்லிக் காத்திருந்தாள்.

"தெறக்காத கண்ணு" என்றார் அவர், முகமூடிக்குள். "அதான் எனக்கு வேணும். தெறக்காத."

வெளியே ஒன்றும் கேட்கவில்லை. வெறும் கறுப்பு ரப்பர் முகம்தான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தவளின் கை மெல்லக் கீழே இறங்கியது. ஜன்னல் திரை விழுந்தது.

அவர் இரண்டு வீடு தாண்டிப்போய் மிஷினை ஸ்டார்ட் செய்தார்.